தழும்பு வருகிற வரி

ஷார்ஜா
12.07.2024

அன்புள்ள பஞ்சவர்ணம் அக்காவுக்கு,

தம்பி பாலகுரு எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சோலையப்பன் மச்சான் சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். லீவில் வரும் முத்துராமனிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் போன் பாதி நேரம் மச்சான் சட்டைப்பையில் கிடக்கிறது. நான் அனுப்பும் குரல் செய்தியை அவர் டீக்கடையில் நாலு பேர் கேட்கப் போட்டுக் காட்டுகிறார். இனிமேல் என் குரல் உங்கள் ஊருக்குள் கேட்கக் கூடாது அக்கா.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ரூமில் ஏசி நின்றுவிட்டது. எட்டுப் பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஆளாளுக்குப் பாடினார்கள். நானும் பாடினேன், நானே கட்டிய பாட்டை. தஞ்சாவூர் கௌரிசங்கர் அதைப் போனில் பிடித்து, முகம் தெரியாமல் வெளியே போட்டுவிட்டான். சென்னையில் யாரோ ஒருவர் அதற்கு மேளமும் உறுமியும் சேர்த்திருக்கிறார். இப்போது அறுபது லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வொர்க்‌ஷாப் வாசலுக்கு வரும் டீ வண்டியில்கூட அதுதான் ஓடுகிறது. பாடியவன் யார் என்று ரூமில் உள்ளவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

நான்கு அடியை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மறந்துபோச்சு புள்ள மறந்துபோச்சு – நீ
மதுர பஸ்ஸு ஏறுனதும் மறந்துபோச்சு
நெல்லவிச்ச ஆவியில வெந்துபோன தோளு – அந்த
நெலாத்துண்டு தழும்புகூட மறந்துபோச்சு

யாரைப் பற்றியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ வாக்கப்பட்ட கீழவயலுக்கே அகிலாவும் வாக்கப்பட்டு வந்தாள். அவள் கணவர் விஜயபாஸ்கர் இங்கேதான் புஜைராவில், எண்ணெய் டேங்குகள் சுத்தம் செய்யும் வேலையில் சூப்பர்வைசர். அவர் காதிலும் இந்தப் பாட்டு விழுந்திருக்கும். அந்தத் தழும்பு வரியை நான் பாடியிருக்கக் கூடாது.

அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்து எழுது.

உன் தம்பி,
பாலகுரு

கீழவயல்
09.08.2024

தம்பி பாலகுருவுக்கு அக்காவின் ஆசிகள்.

நாங்கள் நலம். நீ வெயிலில் நிற்காமல் இரு. மோர் கிடைத்தால் வாங்கிக் குடி.

உன் கடிதம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிட்டது. முளைப்பாரித் திருவிழாவில் மைக் செட்டில் கேட்டேன். இரண்டாவது அடியிலேயே நீதான் என்று புரிந்துவிட்டது. ‘போச்சு’ என்று சொல்லும்போது நீ மூச்சை உள்ளே இழுப்பது எனக்குத் தெரியாதா? உன் மச்சானுக்குத் தெரியவில்லை. “எவனோ நம்ம பக்கத்துப் பயதான்டி பாடியிருக்கான். அனுபவிச்சுப் பாடியிருக்கான்!” என்று சொல்லி, தன் போனுக்கு அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டு திரிகிறார். நானும் சிரித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அகிலா தினமும் தன் மகள் தன்யாவை நான் சமைக்கும் பால்வாடிக்குக் கொண்டுவந்து விடுகிறாள். போன வாரம் அந்தப் பக்கம் போன மினிவேனில் உன் பாட்டு ஓடியது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். தன்யாவும் பாடினாள். அகிலா முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். மறுநாளிலிருந்து இந்த ஆடிப் புழுக்கத்திலும் முழுக்கை ஜாக்கெட்தான் போடுகிறாள்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? அதற்கு முந்தின நாள்வரை அந்தப் பெண் சிரித்த முகமாகத்தான் இருந்தாள்.

உன் அக்கா,
பஞ்சவர்ணம்

ஷார்ஜா
27.09.2024

அன்புள்ள அக்கா,

நலம். மச்சானிடம் அந்த ரிங்டோனை எடுக்கச் சொல். ஏன் என்று கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி.

போன வெள்ளிக்கிழமை நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப் வாசலில் புஜைரா நம்பர் போட்ட பிக்கப் ஒன்று வந்து நின்றது. உயரமான ஆள் இறங்கினார். வாட்ச்மேனிடம் போனைக் காட்டி ஏதோ கேட்டார். கௌரிசங்கர் போட்ட வீடியோவில் எங்கள் மாடிப்படி தெரிகிறது, அதை வைத்துத் தேடி வந்திருக்க வேண்டும். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கல்யாணப் போட்டோவை நீதான் அப்போது எனக்கு அனுப்பினாய், ‘இனிமேல் அவளை நினைக்காதே’ என்று. அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அகிலாவின் கணவர்தான்.

வாட்ச்மேன் பெஷாவர்க்காரர். “மாலும் நஹி பாய்”, தெரியாது என்று கையை விரித்தார். வந்தவர் போகவில்லை. வண்டி நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு வார்த்தை பேச்சுக் கொடுத்தார். பேசவைத்துக் குரலைக் கேட்கிறார் அக்கா. நான் ஈரத் துணிக்குப் பின்னாலேயே நின்றேன். கால் மரத்துப்போனது.

அன்றிலிருந்து நான் வெளியே தமிழ் பேசுவதில்லை. வேலையிலும் சைகைதான். ஃபோர்மேன் என்னைக் காது டாக்டரிடம் போகச் சொல்கிறார்.

பாலகுரு

கீழவயல்
24.10.2024

தம்பிக்கு,

இங்கே சுகம். மழை பிடித்துக்கொண்டது.

அகிலாவின் வீட்டுக்காரர் இப்போது நாளுக்கு இருபது தடவை வீடியோவில் கூப்பிடுகிறார். ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொல்கிறாராம், கொல்லைப்புறம் உட்பட. நேற்று பருப்பில் கல் பொறுக்க எனக்கு உதவியாக உட்கார்ந்தவள், தலையைத் தூக்காமலேயே பேசினாள். “யாரு பாடுனதுன்னு மட்டும் சொல்லு, ஒண்ணும் செய்யமாட்டேங்கிறாக. எனக்குத் தெரியாதுங்கிறேன். சரின்னு சொல்லிட்டு, அந்தப் பாட்டைப் போட்டுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காகக்கா.”

நீ பாடியது என்று அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் உன் பேரை எடுக்கவில்லை.

பொங்கலுக்கு அவர் லீவில் வருகிறார். டிக்கெட் போட்டாகிவிட்டது.

அக்கா

ஷார்ஜா
29.11.2024

அன்புள்ள அக்கா,

அவர் ரூமுக்குள்ளேயே வந்துவிட்டார்.

பாட்டைப் போட்ட கணக்கு கௌரிசங்கருடையது என்று எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். கையில் எட்டுப் பொட்டலம் பிரியாணி. ஊர்க்காரர் என்று எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு நேராக வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். நான் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இருமினேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

போனில் பாட்டை ஓடவிட்டார். தழும்பு வரும் வரியில் நிறுத்தினார்.

“இந்த வரிய யாருப்பா கட்டுனது?”

கௌரிசங்கர் கெட்டிக்காரன். “எங்க ரூம்ல பாண்டின்னு ஒரு அண்ணன் இருந்தாருண்ணே. போன மாசம் விசா கேன்சல் பண்ணி ஊருக்குப் போயிட்டாரு.”

“எந்த ஊரு?”

“விருதுநகர் பக்கம்னு சொன்ன ஞாபகம்.”

“ஓ.” அவர் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பேர், ஊர் விசாரித்தார். என் முறை வந்ததும் நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். “தம்பிக்குத் தொண்டை கட்டிருச்சுண்ணே, பேச்சே வரலை” என்றான் கௌரிசங்கர். அவர் என் தோளில் கையை வைத்தார். கனமான கை. “மொளகு தட்டிப் போட்டுக் குடி தம்பி” என்றார். கையை எடுக்க நேரமானது.

அவர் போன பிறகுதான் பார்த்தேன். உன் அக்டோபர் கடிதம் என் தலையணை மேலே கிடந்தது. உறையின் பின்பக்கம் உன் பேர், கீழவயல், பின்கோடு எல்லாம் உன் கையெழுத்தில். அவர் உட்கார்ந்திருந்தது அந்தத் தலையணைக்குப் பக்கத்தில்தான். உறையைப் பார்த்தாரா, பிரித்துப் படித்தாரா, ஒன்றும் தெரியவில்லை.

உன்னிடம் ஒரு விஷயம் சொன்னதில்லை. அவள் நெல் அவித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். என்னோடு பேசிக்கொண்டே அண்டா பக்கம் திரும்பாமல் மூடியைத் திறந்தாள். ஆவி அடித்தது. நான் அங்கே இருந்தது அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

உடனே பதில் போடு.

பாலகுரு

ஷார்ஜா
27.12.2024

அக்கா,

பதில் இல்லை. முந்தாநாள் துணிந்து போன் செய்தேன். நீ எடுத்தாய். நாலு தடவை “ஹலோ, யாரு?” என்றாய். பின்னால் மச்சான் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுவிடுவார் என்று பயந்து வைத்துவிட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்ற மட்டில் நிம்மதி.

அகிலாவைப் பொங்கலுக்கு முன்னால் அவள் அம்மா வீட்டுக்குப் போகச் சொல். ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளட்டும். இதை மட்டும் செய் அக்கா.

பாலகுரு

கீழவயல்
23.01.2025

தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கையில் கிடைத்தன, அதுவும் பொங்கல் கழித்து.

அகிலாவின் வீட்டுக்காரர் பத்தாம் தேதி வந்தார். பதினொன்றாம் தேதி காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார், பேரீச்சம்பழமும் சோப்புக் கட்டியும் எடுத்துக்கொண்டு. உன் மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலி போட்டு, காபி போடச் சொல்லி ஒரே உபசாரம். டம்ளரை வாங்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: “உங்க தம்பிக்குத் தொண்டை தேவலையா?”

“இப்ப பரவாயில்லைங்க” என்றேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன்? தம்பிக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறான் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? வாய் முந்திவிட்டது.

அந்த நேரம் பார்த்து உன் மச்சானின் போன் அடித்தது. உன் பாட்டு. நான் கெஞ்சியும் மனுஷன் அதை மாற்றியிருக்கவில்லை. எடுக்கப் போனவரை அவர் கையால் தடுத்தார். “இருங்கண்ணே, கேப்போம்.” மணி அடித்து ஓயும்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். “நல்ல கொரலு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு மூன்று நாள் அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. பொங்கல் பானையும் வைக்கவில்லை. உள்ளே பாட்டு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பக்கத்து வீட்டுச் சரசு சொன்னாள். நாலாம் நாள் அவர் திருவாடானைக்குப் போனதைப் பார்த்துவிட்டு, ஊர் நர்ஸ் நஸீஹாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டவர்களிடம் குழந்தைக்குச் சொட்டு மருந்து என்று சொன்னோம். நஸீஹா உள்ளே போய் அரை மணி நேரம் இருந்தாள். நான் தன்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

அகிலா நன்றாக இருக்கிறாள். நீ கவலைப்படாதே. நன்றாக இருக்கிறாள். இப்போதைக்கு எனக்கு எழுதாதே.

அக்கா

ஷார்ஜா
07.03.2025

அக்கா,

எழுதாதே என்றாய். ஆனால் இது நீ தெரிந்துகொள்ள வேண்டியது. இதைத் தபாலில் போடவில்லை. நம்பிக்கையான ஆளிடம் கொடுத்திருக்கிறேன், உன் கையிலேயே தருவான்.

நன்றாக இருக்கிறாள் என்று நீ இரண்டு தடவை எழுதியதை நான் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று அவர் வந்தார். நோன்பு மாதம் என்பதால் எங்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வொர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டினால் எதிரே அந்த பிக்கப். ஓடலாம் என்று நினைத்தேன். கால் அவரை நோக்கித்தான் நடந்தது. ஒளிந்து ஒளிந்து எனக்கே அலுத்துவிட்டது போல.

“பாடுனது நான்தாண்ணே” என்றேன். ஆறு மாதத்துக்குப் பிறகு தெருவில் தமிழில் பேசினேன்.

“அது தெரியும். அவ எங்க இருக்கா?”

எனக்குப் புரியவில்லை. “யாருண்ணே?”

“புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி ஒன்றரை மாசமாச்சு. எங்கடா வச்சிருக்க?”

அக்கா, அவள் வீட்டைவிட்டுப் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் முகத்தைப் பார்த்து அவருக்கும் அது புரிந்துவிட்டது. அடிக்க ஓங்கிய கையைக் கீழே போட்டார். டயர் கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அடுப்புல பட்டதுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா. ஒம்போது வருசமா அடுப்புன்னுதான் நினைச்சிக்கிட்டிருந்தேன். நெல்லவிச்ச ஆவின்னு ஊரு உலகமெல்லாம் பாடிக்கிட்டிருக்கு. புருசங்காரன் அதப் பாட்டுலதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? இதுல அவ என்ன பொய் சொன்னா, ஏன் சொன்னான்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொல்லலை. அதான்...”

‘அதான்’ என்று நிறுத்திவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்தார். நான் மேலே கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. எழுந்து போகும்போது, “ஒனக்குத் தெரியலைன்னா ஒங்கக்காளுக்குத் தெரியும்” என்றார். அதனால்தான் அவசரமாக இதை எழுதுகிறேன். மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. தனியாக இருக்காதே.

அவர் அவளை என்ன செய்தார்? அவள் எங்கே? அவளுக்குச் சம்மதம் என்றால் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறேன். ஊர் என்ன பேசினாலும் சரி, அவளையும் குழந்தையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இதை அவளிடம் சொல்.

பாலகுரு

கீழவயல்
02.04.2025

தம்பிக்கு,

உடம்பு தேவலை. உன் மச்சானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். மறுநாள் தானே போனை எடுத்து அந்தப் பாட்டை அழித்தார். இப்போது நான் பால்வாடிக்குப் போக, வர, கூடவே வருகிறார்.

நான் உன்னிடம் மறைத்தேன். மறைக்காமல் என்ன செய்வேன்? உன் தலையணை மேலே கிடக்கும் கடிதத்தில் எதை எழுத முடியும்? சொட்டு மருந்து என்று போன அன்றே அவளையும் குழந்தையையும் கூட்டிவந்துவிட்டோம். நான் அந்த ஜனவரிக் கடிதத்தை எழுதும்போது அகிலா நஸீஹாவின் குவார்ட்டர்ஸில், உள்ளறையில் குப்புறப் படுத்திருந்தாள். மல்லாந்து படுக்க முடியாது. அவர் லீவு முடிந்து கிளம்பும்வரை நாலு தடவை பால்வாடி வாசலில் வந்து நின்றார். நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே தெரியாது என்றேன்.

பிறகு அவளை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். நஸீஹா பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தாள். அகிலா அங்கிருந்தே வெளியூர் போய்விட்டாள்.

நீ சொல்லச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வாரம் கழித்து இதைக் கொடுத்தனுப்பினாள். நான் பிரித்துப் படிக்கவில்லை.

அக்கா

(இத்துடன் இருந்தது)

பாலகுரு அவர்களுக்கு,

நானும் தன்யாவும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் நீங்கள் கிளம்பி வந்துவிடுவீர்கள் என்று பயந்து எழுதுகிறேன்.

இங்கே ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. கல்லூரிப் பிள்ளைகள் நூறு பேர். குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் உங்கள் பாட்டைத்தான் பாடுகிறார்கள். காதலித்தவளை மறக்க முடியாமல் ஒருவன் எப்படித் தவிக்கிறான் என்று ஒரு பெண் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உண்மையிலேயே மறந்திருந்தேன். உங்களுக்கு இது வருத்தமாக இருக்கும். எனக்கு வேறு வழி இல்லை. மறந்தால்தான் அந்த வீட்டில் பிழைக்க முடியும் என்று பஸ் ஏறிய அன்றே தெரிந்துவிட்டது. அடுப்பில் பட்டது என்று அவரிடம் சொன்னேன். பிறகு எனக்கே அது அடுப்பில் பட்டது போலத்தான் ஞாபகம். ஒன்பது வருடம் அப்படி ஓட்டினேன். அவரும் அதுவரை என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. நீங்கள் மறந்துபோச்சு, மறந்துபோச்சு என்று உலகத்துக்கே பாடி, நான் மறந்த ஒவ்வொன்றையும் என் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டீர்கள். பாடுவதற்கு முன்னால் என்னை ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். பாட்டுக்குத் தேவையானபடி நினைப்பது வேறு. நான் உயிரோடு ஓர் ஊரில் ஒருவரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று நினைப்பது வேறு.

அவர் என்ன செய்தார் என்று கேட்டிருந்தீர்கள். சாதம் வடித்த கஞ்சியை எடுத்தார். “எந்த ஆவிடி, எந்தப் பக்கம் நின்னான்?” என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார். நீங்கள் பாடிய நிலாத்துண்டு இப்போது என் தோளில் இல்லை. அதை மூடிக்கொண்டு பெரிதாக வேறொன்று வந்துவிட்டது. அதை யாரும் பாட வேண்டாம்.

அவரைப் பார்த்துப் பயப்படுகிறேன். வாசலில் பிக்கப் வண்டி நின்றால் தன்யாவை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். காய்கறி வண்டி என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் வெளியே வருவதில்லை. அது ஒரு பயம். நீங்கள் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியதைப் படித்தபோது வந்த பயமும் அதே மாதிரிதான் இருந்தது. உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளது அப்படி.

வர வேண்டாம். எழுத வேண்டாம். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அக்காவிடம் கேட்க வேண்டாம். கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள், தம்பி பாசம்.

அவருக்கு அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். வழக்கு இருப்பதால் நடுவில் வந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார். நம்புவதா என்று தெரியவில்லை. நம்பிக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். தன்யாவை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறேன். விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து என்று ஓர் இடம். எந்தக் காகிதமானாலும் லீவில் வரும்வரை காத்திருந்து இதுவரை அவர்தான் போடுவார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, “நீங்கள் போட்டால் போதும்” என்றார். பேனா கையில் வழுக்கியது. இரண்டு தடவை துடைத்துவிட்டுப் போட்டேன்.

அகிலா